முக்கால் லிட்டர்

திங்கள், புதன், வெள்ளி எங்கள் கிழமைகள்.
ஏழு மணிக்கு எடை பார்த்துவிட்டு
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மாடியில்
பன்னிரண்டாம் கட்டிலில் நான்,
பதிமூன்றில் மைதீன் பாத்து,
பதினான்கில் ஞானதிரவியம்.
ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும்
நாலு மணி நேரமும்
நாங்கள் எங்கும் போக முடியாது.
அதனால்தான் போவதைப் பற்றிப் பேசினோம்.

தீவு, ஞானதிரவியத்தின் யோசனை.
திரேஸ்புரத்தில் மச்சினன் படகு வைத்திருக்கிறானாம்.
முக்கால் மணி நேரம் போனால்
சுண்ணாம்பைக் கொட்டினது போல மணல்,
கழுத்தளவு தண்ணீரில் நின்று
கால்விரலை எண்ணலாம்,
வீடு கிடையாது, கடை கிடையாது.
"டீக்கடை கூடவா?" என்றாள் பாத்து.
"ஒரு டீ குடிச்சா அன்னைக்கு ஒங் கணக்கு
பாதி முடிஞ்சிரும்லா."

கணக்கு என்றால்,
ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
மாத்திரை விழுங்கும் மடக்கும் அதில் சேர்த்தி.
இந்த மூன்று பேரும்தான்
சுற்றிலும் தண்ணீர் உள்ள இடத்துக்குப்
புறப்பட்டோம்.

நான் கண்டக்டராக இருந்தவன்.
திருநெல்வேலி டு தூத்துக்குடி, பதினேழு வருஷம்.
வல்லநாடு, தெய்வச்செயல்புரம், புதுக்கோட்டை,
உறக்கத்திலும் விசில் ஊதுவேன்.
ஆனாலும் பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிடுவோம்.
கடலுக்கு நான் டிக்கெட் கிழித்ததில்லை.
நேரம் குறிப்பது என் பொறுப்பு என்றார்கள்.
அஞ்சரைக்குப் பாளையங்கோட்டை,
ஏழுக்குப் படகு,
வெயில் ஏறும் முன் மணலில் கால்,
வெயில் ஏறியதும் தார்ப்பாய்க்குள்.
வெயில் என்றால் தாகம்.

சாப்பாடு பாத்துவின் பக்கம்.
உப்பில்லாத இட்லி.
வாழைப்பழம் வேண்டாம், இளநீர் வேண்டவே வேண்டாம்,
கருவாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.
ஃபிளாஸ்கில் ஐஸ்கட்டி, ஆளுக்கு எட்டு.
எட்டா பத்தா என்று
ஒரு திங்களும் ஒரு புதனும் சண்டை.
கடைசியில் இருபத்துநாலு என்று
மாத்திரை அட்டையின் முதுகில் எழுதினாள்.

நர்ஸ் ஜெபக்கனி ஊசியைச் சரிபார்த்தபடி சொன்னாள்:
"போற வழியில உப்பளம் வரும்.
கண்ணால தொட்டுக்கிடுங்க.
நாக்க நீட்டுனீங்கன்னா
திங்கக்கெழம எட மெஷின் எங்கிட்ட சொல்லிரும்."

என் இடது கை நரம்பில்
ஆபரேஷன் செய்து ஒரு வண்டை விட்டிருக்கிறார்கள்.
காதில் வைத்தால் ராத்திரி முழுக்க இரையும்.
பாத்து ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.
"சங்கு மாதிரிலா இருக்கு அண்ணாச்சி,
இத வச்சிக்கிட்டு எதுக்குப் படகுக்கு வேற துட்டு?"

ஞானதிரவியத்துக்குக் கழுத்தில் குழாய்.
நனையக் கூடாது.
படகு நிற்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர்.
மச்சினனைக் கேட்டதற்கு,
"நாற்காலியில தூக்கிருவோம், மாதா சப்பரம் கணக்கா."
அவர் சிரித்த சிரிப்பில்
மெஷின் அலறி,
மூன்று கட்டிலுக்கும் வசவு விழுந்தது.

முதல் தேதியைக் கச்சான் காற்று கொண்டுபோனது.
இரண்டாவது தேதிக்கு
காட்டிலாகா கடிதம் வரவில்லை.
அதற்குள் ஞானதிரவியத்தை
செவ்வாய், வியாழன், சனிக்கு மாற்றிவிட்டார்கள்.
மூவருக்கும் மிஞ்சியது ஒரு ஞாயிறு.
அவருக்கோ கோயில்.
போனில் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"ஒரு வாரம் பாத்துக்கிடுவாரு.
அவரும் படகுல ஏறினவர்தான."

பதினான்கில் இப்போது ஒரு காலேஜ் பையன்,
பெயர் இசக்கிராஜா என்று அட்டையில் இருக்கிறது.
போர்வைக்குள் செல்போன், செல்போனுக்குள் முகம்.
நாங்கள் படகு வாடகையைப் பங்கு போட்டபோது
போர்வை கேட்டது:
"அங்க சிக்னல் கெடைக்குமா?"
கிடைக்காது என்றேன்.
பம்பு சுற்றிக்கொண்டிருந்தது.
பத்து நிமிஷம் இருக்கும்.
"படகுல எத்தன பேரு ஏறலாம்?"

நான் பதில் சொல்லும் முன்
பாத்து மாத்திரை அட்டையைத் திருப்பி
இருபத்துநாலை அடித்துவிட்டு
முப்பத்திரண்டு என்று எழுதினாள்.